கணினி போடும் காலநிலைக் கணக்கில் நம் குறுவை இருக்கிறதா?

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் டெல்டாவில் குறுவை களைகட்டும். தாமதமானால், பம்புசெட் உள்ளவர் மட்டும் நடுவார். மற்ற வயல்கள் தரிசாகக் கிடக்கும். 2024-ல் ஜூலை 28-ல்தான் அணை திறந்தது. தஞ்சாவூர் விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், இன்னும் 30 ஆண்டுகளில் இங்கு மழையும் வெயிலும் எப்படியிருக்கும் என்று கணக்குப் போடும் கணினி மாதிரிகளுக்கு இது தெரியுமா?

இரண்டு மாதிரி, இரண்டு விடை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காவிரிப் படுகை நெல் பற்றிய ஓர் ஆய்வை 2011-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பிரிட்டனின் 'பிரிசிஸ்', இத்தாலியில் உருவான 'ரெக்-சி.எம்.3' ஆகிய இரு வட்டாரக் காலநிலை மாதிரிகளை எடுத்துக்கொண்டு, ஏ.டி.டி-43 ரகத்தின் விளைச்சலைக் கணித்தார்கள். வெப்பம் கூடும் என்பதில் இரண்டும் ஒத்துப்போயின. விளைச்சலில்தான் வேறுபாடு. பத்தாண்டுக்கு எக்டருக்கு 135 கிலோ குறையும் என்று முதல் மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு சொன்னது. 24 கிலோ கூடும் என்றது இரண்டாவது. ஏக்கருக்குப் பார்த்தால், சுமார் 55 கிலோ இழப்பா, 10 கிலோ லாபமா என்ற கேள்வி இது. ஆகவே, மாதிரி சொல்வதை நம்புவதற்குமுன் மாதிரியைச் சோதிக்க வேண்டும்.

பயிரும் வானிலையை மாற்றும்

வானிலை பயிரைப் பாதிப்பதுபோல, பயிரும் வானிலையைப் பாதிக்கிறது. தண்ணீர் நிற்கும் நெல்வயலிலிருந்து ஈரம் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கும். தரிசு நிலம் சூடேற்றும். பழைய மாதிரிகளில் நிலத்தின் பசுமை ஒரு நிலையான வரைபடம்தான். மழை பெய்தாலும் பொய்த்தாலும் அது மாறாது. புதியவற்றில் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பச் செடி வளரும், வாடும். அந்த மாற்றம் திரும்பவும் மழையையும் வெப்பத்தையும் மாற்றும்.

இது நல்ல முன்னேற்றம். ஆனால், ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. மாதிரி மழையைக் குறைத்துக் காட்டினால் செடி வாடும். செடி வாடினால் ஆவியாதல் குறையும். மழை மேலும் குறையும். சிறு தவறு பெருந்தவறாகிவிடும்.

டெல்டாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஜூலை மாதத்தில் இங்கு வயல் பச்சையாக இருப்பது உள்ளூர் மழையால் அல்ல. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை மேட்டூர் வழியாக வாய்க்காலில் வருவதால். பாசனத்தைக் கணக்கில் சேர்க்காத மாதிரி, குறுவை வயலை வறண்ட நிலமாகப் பார்க்கும். வெயிலைக் கூட்டிச் சொல்லும். பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் பதர் கூடும் என்பதால், இந்தத் தவறு நேராக விளைச்சல் கணக்கில் போய் விழும்.

சோதிக்கும் முறை

* மாதிரியை முதலில் கடந்த காலத்துக்கு ஓட்டி, இந்திய வானிலைத் துறையின் பதிவுகளுடன் ஒப்பிட வேண்டும். ஆண்டுச் சராசரி சரியாக இருந்தால் போதாது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தரும் அக்டோபர்–டிசம்பரைத் தனியாகப் பார்க்க வேண்டும்.
* குறுவை, சம்பா, தாளடிப் பசுமை உரிய மாதங்களில் வருகிறதா என்று செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.
* வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016, வெள்ளம் வந்த 2015 ஆகிய ஆண்டுகளை மாதிரி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.
* நிலையான பசுமையோடு ஒருமுறை, வளரும் பசுமையோடு ஒருமுறை ஓட்ட வேண்டும். இரண்டாவது உண்மைக்கு நெருங்கி வரவில்லை என்றால் பயனில்லை.

விவசாயிகள் கவனத்துக்கு

இந்த மாதிரிகள் அடுத்த பட்டத்துக்கானவை அல்ல. நாற்றுவிடவும் மருந்தடிக்கவும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவிப்பே உதவும். நீண்டகாலக் கணிப்பு எதைக் கேட்டாலும், 'பாசனம் கணக்கில் உண்டா? எத்தனை மாதிரிகள் ஒரே விடை சொல்கின்றன?' என்று கேளுங்கள்.

கூடவே, ஒரு நோட்டில் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நடவு, பூத்த நாள், அறுவடை, மகசூல் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். செயற்கைக்கோளுக்குப் பச்சை தெரியும். எந்த ரகம், எந்தத் தண்ணீரில் விளைந்தது என்பது வயலுக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும்.