பழைய அமெரிக்க மாதிரி ரயில்: விலைக்கு முன் அளவு

அமெரிக்காவில் வசிக்கும் மகன் அல்லது மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கச் செல்லும் பெற்றோர், அங்குள்ள வார இறுதிச் சந்தைகளில் பழைய மாதிரி ரயில்களைக் காண்பதுண்டு. பேரனிடம் இருக்கும் ரயிலுடன் சேர்த்து ஓட்டலாம் என்று எண்ணி ஒரு எஞ்சினையும் நான்கு பெட்டிகளையும் வாங்கிவிடுவர். வீட்டிற்கு வந்து பிரித்த பிறகே, சக்கரங்கள் தண்டவாளத்தில் அமரவில்லை என்பது தெரியவரும். இத்தகைய கொள்முதலில் பணம் வீணாவது பெரும்பாலும் விலை மிகுதியால் அன்று, அளவு பொருந்தாமையால்தான்.

இரண்டு அளவுகள்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். உண்மையான ரயில் எத்தனை மடங்கு சுருக்கப்பட்டுள்ளது என்னும் விகிதமே ‘ஸ்கேல்’. தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலமே ‘கேஜ்’. நம் நாட்டில் பிராட் கேஜ், மீட்டர் கேஜ் என வழங்குவதும் இந்த அகலத்தையே.

அமெரிக்க ரயில்பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர் கிடைக்கும். மிகப் பரவலாக விற்பனையாகும் ‘எச்.ஓ.’ வகையின் பாதை இதுவே. 160-இல் ஒரு பங்கான ‘என்’ வகைக்கு 9 மில்லிமீட்டர்; 64-இல் ஒரு பங்கான ‘எஸ்’ வகைக்கு ஏறத்தாழ 22.5 மில்லிமீட்டர், 48-இல் ஒரு பங்கான ‘ஓ’ வகைக்கு ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். ‘ஓ’ வகையில் ஏறத்தாழப் பாதி என்பதாலேயே ‘எச்.ஓ.’ என்னும் பெயர் வந்தது.

பாதை ஒன்று, விகிதம் வேறு

பாதையில் பொருந்திவிட்டால் போதும் என்று கருதுவதும் தவறே. பிரிட்டனின் ‘ஓ.ஓ.’ வகை ரயில்கள் அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடுபவை. ஆனால் அவற்றின் விகிதம் 76-இல் ஒரு பங்கு. அமெரிக்கப் பெட்டிகளுடன் இணைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தோட்டத்தில் ஓடும் ‘ஜி’ வகையிலோ, 45 மில்லிமீட்டர் பாதை ஒன்றிலேயே 20.3, 22.5, 29, 32 எனப் பல விகித ரயில்கள் ஓடுகின்றன.

‘ஓ கேஜ்’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தால் அது பாதையின் அகலத்தை மட்டுமே உறுதிசெய்கிறது. 1900-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட லயனல் நிறுவனத்தின் பழைய ரயில்களுள் பல, 48-இல் ஒரு பங்கைவிடச் சிறியவை.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மிகுதியாக ஓடியது 40 அடி நீள மூடிய சரக்குப் பெட்டி. இணைப்புக் கொக்கிகளை விட்டுவிட்டு, அதன் மாதிரியின் உடற்பகுதியை அளந்தால், ‘ஓ’ வகையில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டரும், ‘எஸ்’ வகையில் 19-உம், ‘எச்.ஓ.’ வகையில் 14-உம், ‘என்’ வகையில் ஏழரையும் இருக்கும். விற்பவர் சொல்லைவிட இந்த அளவு நம்பத்தக்கது.

மின்சாரம்

லயனல் ‘ஓ’ ரயில்கள் மூன்று தண்டவாளங்களில், மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடுபவை. ‘எச்.ஓ.’, ‘என்’ வகைகளோ வழக்கமாக இரு தண்டவாளங்களில், நேர்திசை மின்னோட்டத்தில் ஓடுபவை. ஒன்றின் மின்கருவி மற்றதற்கு உதவாது. மேலும், அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். அங்கு வாங்கிய பழைய டிரான்ஸ்பார்மரை இங்கு நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். தீ விபத்துக்கும் இடமுண்டு. வயரின் மேலுறை வெடித்திருந்தால் அங்கும் அதைப் பயன்படுத்தலாகாது.

பணம் கொடுக்குமுன்

எஞ்சினை ஓட்டிக் காட்டுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டா. ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் ஓடாது என்றே கொண்டு விலை பேசுவது நலம். ‘ஆஸ் இஸ்’ என்றால் இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது, குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்லர் என்று பொருள். பற்சக்கரத்தில் விரிசல், சக்கரத்தில் துரு, இணைப்புக் கொக்கியின் வகை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கொக்கி வேறு வகையெனில் ஒரே அளவுள்ள பெட்டிகளும் இணையமாட்டா.

இந்தியாவில் பெற்ற அட்டையால் பணம் செலுத்துவோர், வெளிநாட்டுப் பயன்பாட்டு வசதியை முன்னரே செயல்படுத்திக்கொள்ள வேண்டும். செலாவணி மாற்றுக் கட்டணத்தையும் விலையுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். பயன்படுத்திய பொருள்களை இந்தியாவிற்கு அஞ்சலிலோ கூரியரிலோ வரவழைக்கத் தனி விதிகள் உள்ளமையால், சுங்க விதிகளை அறிந்த பின்னரே முடிவெடுத்தல் நன்று.

சந்தைக்குப் புறப்படுமுன், பேரனிடம் உள்ள ரயிலின் விகிதம், பாதையின் அகலம், மின்னோட்டத்தின் வகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து, சிறிய அளவுகோல் ஒன்றுடன் எடுத்துச் செல்லுங்கள். அந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிடினும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் திரும்புவதே சிக்கனம்.