குட்டி போடும் தேரை

தேரை முட்டையிடும் என்றுதான் படித்திருப்போம். மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்பா மலைத் தேரையோ குட்டி போடுகிறது. அதுவும் ஒன்பது மாதம் சுமந்து! தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே இதற்கில்லை, பிறக்கும்போதே நான்கு காலும் உண்டு. வறண்ட மாதங்களில் சினைத் தேரைகள் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். மழை தொடங்கியதும் மேலே வந்து, ஜூன் வாக்கில் ஈனும்.

சுமார் 1,200 மீட்டருக்கு மேலுள்ள மலைப் புல்வெளிதான் இதன் உலகம். வேறெங்கும் கிடையாது. அந்தப் புல்லுக்கு அடியிலேயே உயர்தர இரும்புத் தாது இருப்பதுதான் சிக்கல். இம்மலையின் கினி நாட்டுப் பகுதியிலுள்ள இயற்கைக் காப்பகம் 1981இல் உலகப் பாரம்பரியத் தலமானது. 1992இல் அபாயத்திலுள்ள தலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. சுரங்கத்துக்கென விடப்பட்ட நிலம் காப்பகத்தை ஒட்டியே கிடக்கிறது.