பீரங்கி இல்லாத பீரங்கி வண்டி

பத்தாம் வகுப்பில் ‘இரு உலகப் போர்களுக்கு இடையில் உலகம்’ பாடத்தை நடத்தும்போது பொருளாதாரப் பெருமந்தம், ஏகாதிபத்தியம், பாசிசம் என்று பெரிய சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றை மாணவர்களுக்குப் புரிய வைக்க நான் ஒரு பொருளைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். அது, அந்த இருபது ஆண்டுகளில் பிரிட்டன் உருவாக்கிய இலகுரக டாங்கி.

டாங்கியை நாம் பீரங்கி வண்டி என்றும் சொல்கிறோம். ஆனால் இந்த இலகுரக டாங்கிகளில் பெரும்பாலானவற்றில் பீரங்கியே கிடையாது. இயந்திரத் துப்பாக்கிதான் இருந்தது. 1916இல் உலகிலேயே முதன்முதலாக டாங்கியைப் போர்க்களத்தில் இறக்கிய நாடு ஏன் இப்படிச் செய்தது? இந்தக் கேள்வியோடு வகுப்பைத் தொடங்கலாம்.

செலவைக் குறைத்த காலம்

அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரும் போர் வராது என்று கருதியே ராணுவச் செலவைத் திட்டமிட வேண்டும் என 1919இல் பிரிட்டிஷ் அமைச்சரவை முடிவு செய்தது. ‘பத்தாண்டு விதி’ எனப்பட்ட இது 1932 வரை நீடித்தது. 16 டன் எடையில் நல்ல நடுத்தர டாங்கி ஒன்று வடிவமைக்கப்பட்டும், விலை அதிகம் என்பதால் ஒரு சிலவற்றோடு நின்றுபோனது.

மலிவான வழியைச் சிலர் தேடினர். 1925இல் மார்ட்டெல் என்ற ராணுவப் பொறியாளர், ஒருவர் மட்டும் அமரும் குட்டி டாங்கியைத் தம் வீட்டிலேயே கட்டினார். ஜான் கார்டன், விவியன் லாயிட் இருவரும் அதே பாதையில் சிறிய வண்டிகளை உருவாக்கினர். அவர்களது நிறுவனத்தை 1928இல் விக்கர்ஸ் வாங்கியது. அந்த வண்டிகளிலிருந்தே 1929இல் ‘மார்க் 1’ இலகுரக டாங்கி பிறந்தது. நான்காம் வகை வரை இருவர் மட்டுமே அமர முடிந்தது. ஓட்டுநர் ஒருவர் போக, மற்றவரே வழிநடத்தவும் வேண்டும், சுடவும் வேண்டும். ஐந்தாம் வகையில்தான் மூன்றாமவருக்கு இடம் கிடைத்தது.

பேரரசின் தேவை

குடியேற்ற நாடுகளை அடக்கி வைக்க இந்த வண்டி போதுமானதாகத் தெரிந்தது. 1935இல் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில், இன்றைய பாகிஸ்தான் பகுதியில், மொமாண்ட் பழங்குடியினர்மீது இத்தகைய டாங்கிகள் ஏவப்பட்டன. எதிரில் இருந்தவர்களிடம் துப்பாக்கிகளே இருந்தன. மெல்லிய கவசம் அதைத் தாங்கியது.

1936இல் வந்த ‘மார்க் 6’ சுமார் 5 டன் எடை; மணிக்கு ஏறத்தாழ 56 கி.மீ. வேகம், கம்பியில்லாத் தகவல் கருவியும் உண்டு. கவசத்தின் தடிமன் அதிகபட்சம் 14 மி.மீ. வேவு பார்க்க அது நல்ல வண்டிதான். ஆனால் 1939இல் போர் மூண்டபோது பிரிட்டிஷ் ராணுவத்திடம் இருந்த டாங்கிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. வேறு வண்டி போதாததால், கனமான டாங்கிகள் செய்ய வேண்டிய வேலையையும் இதுவே செய்ய நேர்ந்தது. 1940 மே மாதம் பிரான்சில் ஜெர்மானியரின் 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அந்தக் கவசத்தை எளிதில் துளைத்தன. உள்ளே இருந்த வீரர்கள் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

அதே மாதம் அர்ராஸ் நகரருகே நடந்த சண்டையில், பிரிட்டனின் ‘மெட்டில்டா 2’ டாங்கியின் முன்புறக் கவசத்தை அதே 37 மி.மீ. பீரங்கியால் துளைக்க முடியவில்லை. அதன் தடிமன் 78 மி.மீ. ஆனால் அவ்வகை டாங்கிகள் மிகச் சிலவே இருந்தன.

வகுப்பறையில்

அளவுகோலை எடுத்து 14 மி.மீ., 78 மி.மீ. இரண்டையும் நோட்டில் கோடாக வரையச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த வண்டி யாரை எதிர்கொள்ளச் செய்யப்பட்டது? யாரை எதிர்கொண்டது? இடையில் எந்த முடிவுகள் எடுக்கப்பட்டன?

‘முட்டாள்கள் செய்த வண்டி’ என்று சில மாணவர்கள் உடனே சொல்லிவிடக்கூடும். அப்போது 1919ஆம் ஆண்டின் முடிவுக்கு அவர்களைத் திரும்ப அழைத்துச் செல்லுங்கள். கோடிக்கணக்கானோர் மாண்ட போருக்குப் பின், கடன் சுமையோடு இருந்த நாட்டின் நிதி அமைச்சராக நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். விடை தெரிந்த பிறகு பழையவர்களைக் குறை சொல்வது எளிது. அன்று அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து யோசிக்கப் பழகும் மாணவரே வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறார்.