இடுக்கண்

மனத்துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. வருத்தம், கவலை, கலக்கம், துயரம், இடுக்கண் என்பன அவற்றுட் சில. இவை ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் துன்பத்தின் ஒவ்வொரு நிலையைக் காட்டுவதாகும். பிறமொழிச் சொல்லோடு ஒப்பிட்டு நோக்கின் இவ்வுண்மை நன்கு புலனாகும்.

ஆங்கிலத்தில் 'ஆங்குவிஷ்' என்றொரு சொல் உண்டு. ஆற்றொணாத மனவேதனையை அது குறிக்கும். இலத்தீன் மொழியில் ஒடுக்கம் எனப் பொருள்படும் 'அங்குஸ்தியா' என்னும் சொல்லே அதற்கு மூலம். அசைய இடமின்றி நெருக்குண்ணும் நிலையே அதன் அடிப்பொருள். ஆகவே, சிறு மனக்குறைக்கு அதனை வழங்குதல் பொருந்தாது. தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தவனுக்கு உண்டாவது வருத்தம். காணாமற்போன மகனைத் தேடித் திரியும் தாய்க்கு உண்டாவதே ஆங்குவிஷ்.

இதற்கு நேராக நிற்கத்தக்க தமிழ்ச்சொல் இடுக்கண் என்பது. இடுங்குதல் என்பது சுருங்குதல். துன்பமுற்றோர் கண் மலர்ச்சியின்றிச் சுருங்குதலின், கண்ணின் சுருக்கம் அதற்குக் காரணமாகிய துன்பத்திற்குப் பெயராயிற்று என்பர். இலத்தீனர் நெருக்கும் இடத்திற் கண்ட துன்பத்தைத் தமிழர் இடுங்கும் கண்ணிற் கண்டனர். திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார்.

நெல்லைச் சீமையில் சாயர்புரத்திற் கல்விப்பணி ஆற்றிய ஜி. யு. போப், 1886-ஆம் ஆண்டு வெளிவந்த தம் திருக்குறள் மொழிபெயர்ப்பில், அவ்வதிகாரத் தலைப்பில் 'ட்ரபிள்' என்னும் சொல்லை ஆண்டார். அதன் வேர், இலத்தீனிற் கலங்கிய நிலையைக் குறிப்பது. ஆதலின் அது நம் 'கலக்கம்' என்னும் சொல்லுக்கே மிக அணித்து. தாமிரவருணியிற் புதுவெள்ளம் வருங்கால் நீர் கலங்குகிறது. சின்னாளில் தானே தெளிகிறது. கலக்கம் அத்தகையது. இடுக்கணோ, வழி திறந்தாலன்றி நீங்காது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையால் தாமிரவருணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. வீடும் பயிரும் மாடும் இழந்தோர் பலர். அவர்களை நோக்கிக் "கவலைப்படாதீர்கள்" என்று கூறுதல் எளிது. ஆயினும் கவலை, பெரும்பாலும் வரப்போவதைப் பற்றியது. வந்துவிட்ட இழப்பால் நெருக்குண்டு நிற்பவனுக்கு அச்சொல் என்ன பயன் தரும்?

நெல்லைப் பகுதியில், இறந்தோர் வீட்டிற்குச் சென்று துக்கம் விசாரித்தலைத் 'துட்டி கேட்டல்' என்பர். ஆறுதல் சொல்லுதல் என்னாது 'கேட்டல்' என்றது நோக்கத்தக்கது. கேட்டல் என்பது வினாவுதலுமாம், செவிகொடுத்தலுமாம். "என்ன நேர்ந்தது?" என்று ஒருவர் வினாவ, உற்றவர் தம் துன்பத்தைத் தம் வாயால் உரைக்க, ஒடுங்கிய நெஞ்சு சிறிது விரிகின்றது. இடுக்கணுக்கு வழி திறத்தல் இதுவே.

மாணவர்களே! சொற்பொருள் அறிதல் தேர்வின் பொருட்டு மட்டுமன்று. பிறர் துன்பம் எத்தகையது என்று அறிந்து அவர் அருகிற் சென்று அமர்தற்கும் அது வேண்டும். உங்கள் வகுப்பில் ஒருவன் வாடிய முகத்தோடு வரின், அறிவுரை கூற விரையாதீர்கள், முதலிற் கேளுங்கள்.