முள் சிவப்பைத் தொட்ட பிறகு ஓட்டிய தூரம் யார் கணக்கில்?

சம்பா அறுவடை நேரத்தில் சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோவில் பக்கம் போகிறவர்கள், சாலையிலேயே காயும் நெல்லையும் வைக்கோலையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அப்போது கிளம்பும் பதரும் தூசும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். தை, மாசியில் அதன் விளைவு தெரியாது. அக்னி நட்சத்திர வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுதான் வண்டி கொதிக்கும்.

அந்தச் சமயத்தில் “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, மெக்கானிக் கடை வந்துடும்” என்று ஓட்டுகிறவர்கள், இன்ஜினோடு சேர்த்து இழப்பீடு கேட்கும் உரிமையையும் இழந்துவிடுகிறார்கள். நம் ஊரில் விற்கப்படும் கார் காப்பீட்டுப் பாலிசியின் நிபந்தனைகளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது: விபத்தோ பழுதோ நேர்ந்த பிறகு, சரிசெய்யாமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு. குறுக்கே வந்த மாட்டில் மோதி ரேடியேட்டர் உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். பம்பர், ரேடியேட்டர் செலவை முழுக் காப்பீட்டில் கேட்கலாம். கூலன்ட் ஒழுக ஒழுக ஓட்டிவந்து இன்ஜின் ஜாம் ஆனால், அந்தப் பெரிய செலவு நம் தலையில் விழும்.

விபத்தே இல்லாமல், ஹோஸ் வெடித்தோ வாட்டர் பம்ப் கெட்டோ இன்ஜின் போனால் சாதாரணப் பாலிசி எதுவுமே தராது. இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அதில் விலக்கப்பட்டவை. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று கூடுதல் பிரீமியம் வாங்கும் இணைப்பு பெரும்பாலும் வெள்ளநீர் புகுவதற்கும் ஆயில் கசிவால் வரும் சேதத்துக்குமானது. கூலன்ட் இல்லாமல் சூடேறினால் பணம் உண்டா என்று ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்ஜின் சாதாரணமாக ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் ஓடும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த நீர், ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தால் 120 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்தாலே அந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடு எல்லை மீறினால் அலுமினிய ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும், கூலன்ட் ஆயிலில் இறங்கி ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். அதற்குப் பிறகும் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூலன்ட் முழுக்கக் காலியாகிவிட்டால் சென்சார் நீரில் மூழ்காமல் நிற்கும். அப்போது சூடு காட்டும் முள் கீழே இறங்கிக் காட்டவும் கூடும். முள் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக ஓட்டி இன்ஜினைத் தொலைத்தவர்கள் உண்டு. முள்ளே இல்லாத சின்ன கார்களில் சிவப்பு விளக்கு ஒன்றுதான் எச்சரிக்கை.

சிவப்பு தெரிந்ததும் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சும். பட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டி, 108-ஐ அழையுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவாதீர்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடலாம்.

நன்றாக ஆறிய பிறகு, அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். அதையே வழக்கமாக்குவதுதான் கேடு. கடலை ஒட்டிய நம் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அது உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். வண்டியின் கையேடு சொல்லும் கூலன்டையே ஊற்றுங்கள். பழைய கூலன்டை வாய்க்காலில் கொட்டாதீர்கள். இனிப்பான நஞ்சு அது, நாயும் மாடும் குடித்துவிடும்.

வண்டி நின்ற இடத்திலேயே சாட்சியும் திரட்ட வேண்டும். எரியும் விளக்கு, தரையில் ஒழுகிய கூலன்ட், உடைந்த பாகம், இடம் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு டோ செய்யுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் யாரும் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிவையுங்கள். கோரிக்கையை நிராகரித்தால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். அதன் பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டு ஒம்பட்ஸ்மேனிடம், நிராகரிப்பு வந்த ஓராண்டுக்குள், கட்டணமின்றி முறையிடலாம்.

தவறு சர்வீஸ் சென்டருடையதாகவும் இருக்கலாம். கூலன்ட் மாற்றிய மறுவாரமே கிளாம்ப் கழன்று கொதித்தால் அது சேவைக் குறைபாடு. “பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும்” என்றால் அசராமல் பில் கேளுங்கள். ரசீது தராமலிருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். எங்கள் பக்கத்தில் பலர் பில் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பிறகு நீதி கேட்கக் கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கெட்டது எதனால் என்று வேறொரு தகுதியான மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிச் சேர்த்தால் புகார் வலுக்கும்.

வாடகைக்கு ஓட்டும் வண்டியென்றால் “நீங்க நுகர்வோரே இல்லை, வியாபாரி” என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகத் தானே உழைப்பவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆகவே சொந்தமாக மினி லாரியோ டாக்ஸியோ ஓட்டுபவர்கள், புகாரின் முதல் பத்தியிலேயே அந்த வண்டிதான் தங்கள் பிழைப்பு என்று எழுதி, ஓட்டுநர் உரிமத்தையும் பெர்மிட்டையும் நகலெடுத்து இணைத்துவிடுங்கள்.