இரைப்பையில்லாத மீன்

உண்பதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை, ஜீரணமாவதே ஒட்டும். மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை குளத்துக் கெண்டைக்கும் பொருந்தும்.

செங்கற்பட்டை ஏரி ஜில்லா என்று சொல்வது வழக்கம். அங்குள்ள குளங்களில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வடநாட்டு நதிகளின் கெண்டைகள். குளத்து நீரில் இவை தாமாக முட்டையிடுவதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவிலுள்ள அங்குலில், ஹீராலால் சௌதுரி, அலிகுஞ்ஞி என்னும் நம் நாட்டு விஞ்ஞானிகள், சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இவற்றை முட்டையிடச் செய்தார்கள். அதன் பின்னரே ஆற்றுக் குஞ்சுகளை எதிர்பார்த்திருக்கும் நிலைமை மாறியது.

குஞ்சு கிடைத்தது; ஆகாரம்? தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து இடுவது நம்மவர் முறை. வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி இதற்கே போகிறது. ஆனால் கெண்டைக்கு இரைப்பை இல்லை! தொண்டையிலுள்ள பற்களால் அரைத்த இரை நேரே குடலுக்குச் செல்கிறது. தானிய ஆகாரத்திலுள்ள பாஸ்பரஸ் சத்து பெரும்பாலும் ‘பைட்டேட்’ என்னும் பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கும் சக்தி மீனுக்குப் போதாது. சத்து கழிவோடு வெளியேறிப் பாசியை வளர்க்கிறது. மிஞ்சிய புண்ணாக்கும் அழுகினால், விடியற்காலையில் மீன்கள் பிராணவாயு இன்றி மேலே வந்து தத்தளிக்கும். குடியானவரின் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழிந்துவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பைட்டேட்டைப் பிரிக்கும் ‘பைட்டேஸ்’ என்னும் நொதியையும், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தையும் ஆகாரத்தில் சேர்த்து, பம்பாயிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி ஸ்தாபனத்தார் ரோகு குஞ்சுகளுக்கு அளித்துப் பார்த்தனர். தாது உப்புக்கள் உடலில் நன்கு சேர்ந்தன. இரைப்பையின் புளிப்பு இல்லாத குறையை அமிலம் ஓரளவு ஈடுசெய்கிறது.

எனினும் எல்லாப் பொடியும் எல்லா மீனுக்கும் ஆகாது. மாமல்லபுரம் போகும் வழியில் முட்டுக்காட்டிலுள்ள உவர்நீர் மீன் ஆராய்ச்சி நிலையத்தில், 2015-இல் பால்கெண்டையை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்வித்தனர். பெயரில் கெண்டையாயினும் அது வேறு குலம். அதற்கு இரைப்பை உண்டு. ஆகவே கடலோரத்தில் பலித்த மருந்தை ஏரிக்கரையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது.

துளையிட்ட பைகளில் ஆகாரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, மீன் தின்ற அளவு பார்த்து இடுவது செலவில்லாத முதல் வைத்தியம். பொடி அதற்குப் பிறகுதான். ஏழைக் குடியானவரின் காசு நீரில் கரையாமல் மீனாக வளர வேண்டுமானால், எவ்வளவு போட்டோம் என்பதை விட்டு எவ்வளவு ஜீரணமாயிற்று என்று கேட்கப் பழக வேண்டும்.