விமானியின் பெட்டிக்கு ஏன் இரண்டே சக்கரங்கள்?

அடுத்த முறை சாங்கி விமான நிலையத்துக்கோ கேஎல்ஐஏவுக்கோ உறவினரை வழியனுப்பப் போனால், புறப்பாட்டு மண்டபத்தைக் கடந்து செல்லும் விமானிகளின் பெட்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பயணிகள் பலர் நான்கு சக்கரப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஒரு கையால் மெல்லத் தள்ளிக்கொண்டு போவார்கள். விமானிகளில் பலரோ கறுப்பு நைலான் பெட்டி ஒன்றைச் சாய்த்து, பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அதற்கு இரண்டு சக்கரங்கள்தான். இவ்வளவு நவீனமான விமானத்தை ஓட்டுகிறவர் ஏன் பழைய பாணிப் பெட்டியை வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறதா? அந்தப் பெட்டியை உருவாக்கியவரே ஒரு விமானிதான்.

மனிதன் 1969இல் நிலவில் கால் வைத்துவிட்டான். அப்போதும் பயணிகள் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தார்கள். அமெரிக்காவில் பயணப்பெட்டி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பெர்னார்ட் சாடோ, 1970இல் ஒரு விமான நிலையத்தில் கனமான இயந்திரத்தை ஊழியர் ஒருவர் சக்கரப் பலகையில் வைத்துத் தள்ளிச் சென்றதைப் பார்த்தார். தம் பெட்டியின் அடியில் நான்கு சக்கரங்களைப் பொருத்தி, இழுப்பதற்கு ஒரு வாரைக் கட்டினார். 1972இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அகலவாட்டில் கிடந்த அந்தப் பெட்டி, நாயைச் சங்கிலியில் பிடித்து இழுப்பதுபோல் பின்னால் தள்ளாடி வந்தது. திருப்பத்தில் கவிழவும் செய்தது.

1987இல் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 747 விமானி ராபர்ட் பிளாத் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். அடியில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு சக்கரங்கள், மேலே இழுத்தால் நீளும் உறுதியான கைப்பிடி. முதலில் சக விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும்தான் விற்றார். அவர்கள் நிலையத்தில் விறுவிறுவென்று இழுத்துச் செல்வதைப் பார்த்த பயணிகளும் வேண்டுமென்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பெட்டியை இழுப்பது ஏன் சுலபம்? சாய்த்த பெட்டி ஒரு நெம்புகோல். சக்கரத்தின் அச்சுதான் ஊன்றுபுள்ளி. கைப்பிடியைப் பிடித்திருக்கும் உங்கள் கை மறுமுனை. சுமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தோட்டத்துத் தள்ளுவண்டியும் இதே வகைதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பெட்டியின் எடை 10 கிலோ. அச்சிலிருந்து கைப்பிடிக்கு 100 செ.மீ. பெட்டியின் புவியீர்ப்பு மையம் அச்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கை தாங்கும் சுமை 10 x 30 ÷ 100, அதாவது 3 கிலோ. மீதி 7 கிலோவைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். அதே பெட்டியில் காலணி, புத்தகம் போன்ற கனமான பொருள்களை மேற்புறத்தில் அடுக்கினால் மையம் 40 செ.மீ.க்கு ஏறிவிடும், கைக்கு 4 கிலோ வரும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் காலணியைச் சக்கரத்தின் பக்கம் வைக்கிறார்கள்.

விமானியிடம் பெரும்பாலும் இன்னொரு கைப்பையும் இருக்கும். அதைக் கைப்பிடியை ஒட்டி மேலே வைத்தால் அதன் எடை கைக்கு அருகில் வந்துவிடும். விமானிகள் விரும்பும் பெட்டிகளில் முன்பக்கம் கொக்கி போட்ட ஒரு பட்டை இருக்கும். பையை அதில் மாட்டுவார்கள். பெட்டியைச் சாய்க்கும்போது முன்பக்கம் மேல்நோக்கித் திரும்பும். பையின் எடை கையிலிருந்து விலகி, சக்கரங்களின் பக்கம் போய்விடும். ஒரு தொல்லையும் உண்டு: பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் அது முன்பக்கமாகக் குப்புற விழப் பார்க்கும்.

நான்கு சக்கரப் பெட்டி மோசம் என்று சொல்லவில்லை. வழவழப்பான சமதரையில் கை எந்தச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. ஆனால் விமானத்துக்குள் நுழையும் பாலம் பெரும்பாலும் சரிவாக இருக்கும். ஊழியர் பேருந்தோ திடீரென்று நிற்கும். எல்லாப் பக்கமும் சுழலும் சக்கரம் அங்கெல்லாம் தானாக ஓடிவிடும். சாங்கியில் பல இடங்களில் கம்பளம் விரித்திருக்கிறார்கள். கம்பளத்தில் சக்கரம் சற்றே அமிழ்வதால், ஒவ்வொரு நொடியும் சின்ன மேடு ஒன்றில் ஏறுவதுபோல் ஆகிறது. சக்கரம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிரமம். இரு சக்கரப் பெட்டியில் இருப்பவை சறுக்குக் காலணிச் சக்கரம் போன்றவை. சுழலும் கழுத்து இல்லாததால் உடைவதும் குறைவு.

இரு சக்கரப் பெட்டிக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவசரமாக ஓடும்போது ஒரு சக்கரம் எதிலாவது ஏறி இறங்கினால், பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பாரிசில் இயற்பியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நம் கால்கள் தானாகவே வேகத்தைக் குறைக்கும், இல்லையா? அவர்கள் கண்டதோ நேர்மாறு: வேகம் கூடினால் ஆட்டத்தின் வீச்சு குறைகிறது. ஓட முடியாவிட்டால் கைப்பிடியைத் தரையை நோக்கித் தாழ்த்தினாலும் பெட்டி அடங்கிவிடும்.

இனி பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் விமானிகள் உடுப்புப் பெட்டியோடு இன்னொரு சதுரப் பெட்டியையும் சுமந்தார்கள். அதில் விமான நிலைய வரைபடங்களும் கையேடுகளும் இருக்கும். எடை 15 கிலோவுக்கும் மேல். வான்வழித் தகவல்கள் உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. மாறிய பக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதைக் கோப்பில் மாட்டுவது விமானியின் வீட்டுப்பாடம்! ஒரு பக்கம் தவறிப்போனால், பழைய வரைபடத்தை நம்பித் தரையிறங்க நேரிடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் இந்தக் காகிதப் பெட்டிகளை ஐபேட் கணினிகளாக மாற்றி முடித்தது. ஆண்டுக்கு 400,000 கேலன் எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்கிட்டது. பறக்கும் விமானத்தில் கூடுதலாக ஏற்றும் எடைக்கு, மணிக்கு ஏறத்தாழ அதன் 3 விழுக்காடு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு 13 மணி நேரத்துக்கும் மேல் பறக்க வேண்டும். 1 கிலோ காகிதத்தைக் கொண்டுபோகவே கிட்டத்தட்ட 300 கிராமுக்கு மேல் எரிபொருள் எரிந்துவிடும்.

காகிதம் போனாலும் சில பொருள்கள் போகவில்லை. உரிமம், மருத்துவச் சான்றிதழ், கடப்பிதழ், விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்க ஒரு கைவிளக்கு. கண்ணாடி அணிய வேண்டிய விமானி என்றால் மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நடுவானில் கண்ணாடி உடைந்தால் கடைக்கா போக முடியும்? இவற்றை விமானி பெரும்பாலும் கைப்பையில்தான் வைப்பார், பெட்டியில் அல்ல. பெட்டி எங்காவது தங்கிவிட்டாலும் விமானம் புறப்பட்டாக வேண்டும்.

மின்கலங்களும் அப்படித்தான், காரணம் வேறு. லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றினால் ஓர் அறையின் வெப்பம் அடுத்த அறையைப் பற்றவைக்கும். சரக்கறையில் தீயணைக்கும் வாயு சுடரை அடக்கலாம். இந்தச் சங்கிலியை அதனால் நிறுத்த முடியாது. பயணிகள் பகுதியிலோ ஊழியர்கள் உடனே பார்த்து நீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். ஆகவே பவர் பேங்க் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இருக்கக்கூடாது. இடமில்லை என்று உங்கள் கைப்பெட்டியை விமான வாசலில் வாங்கிக்கொண்டால், அதைக் கொடுப்பதற்கு முன் பவர் பேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. உங்களுடையதில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள்: 74. கொண்டுபோகலாம். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் அதைப் பயணத்தின்போது பயன்படுத்த அனுமதியில்லை.

வீட்டில் இரு சக்கரப் பெட்டியும் தொங்கவிடும் தராசும் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பெட்டியின் அடிப்பக்கம் இரண்டு அகராதிகளை வைத்து, சாய்த்த நிலையில் கைப்பிடியைத் தராசில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, அகராதிகளை மேற்பக்கத்துக்கு மாற்றி, அதே சாய்வில் மறுபடி அளந்து பாருங்கள்.